மேசை தட்டும் சத்தம்

போன மாதம் ஒரு வைவாவுக்குப் போயிருந்தேன். நான்தான் புறத்தேர்வாளர். முன்வரிசையில் அந்தப் பையனின் அப்பா, அம்மா. பின்னால் பொன்னாடைப் பைகளோடு உறவுக்காரர்கள். வாசலில் கேட்டரிங்காரர் இறக்கி வைத்த கேசரியின் நெய் வாசனை உள்ளே வரை வந்தது. பையன் நன்றாகவே பேசினான். கடைசி சிலைடு வந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். என் கை மட்டும் என்னைக் கேட்காமலே மடங்கி, விரல் முட்டியால் மேசையை டொக் டொக்கென்று தட்டிவிட்டது. துறைத்தலைவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "மேடம் சட்டசபைன்னு நினைச்சிட்டீங்களோ?"

நானும் சிரித்துச் சமாளித்தேன். ஊருக்குத் திரும்பி வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. மறந்துபோன பழக்கம் என்றுதான் நினைத்திருந்தேன். பஸ்ஸில் திருநெல்வேலிக்கு வரும் வழியெல்லாம் அந்தச் சத்தம் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

முதன்முதலாகக் கேட்டபோது பயந்துபோனேன். ஜெர்மனியில், கோட்டிங்கன் பல்கலைக்கழகத்து வேதியியல் கட்டடம். சொற்பொழிவு '9 சி.டி.' என்று நோட்டீஸில் இருந்தது. புது இடம் என்ற பயத்தில் ஒன்பதுக்கு முன்பே போய் உட்கார்ந்துவிட்டேன். ஈ காக்காய் இல்லை. தேதியைத் தப்பாகப் பார்த்துவிட்டோமோ என்று எழுந்து போகப் பார்த்த நேரத்தில் ஒவ்வொருவராக வந்தார்கள். அந்த 'சி.டி.'க்குப் பதினைந்து நிமிஷம் கழித்து என்று பொருளாம். ஏதோ லத்தீன் சுருக்கம். ஜெர்மன்காரர்கள் நேரம் தவற மாட்டார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன்; கால் மணி நேரத் தாமதத்தைக்கூட நேரம் தவறாமல் கடைப்பிடிக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பேச்சு முடிந்ததும் அறை முழுக்க மர மேசைகளைத் தட்ட ஆரம்பித்தார்கள். தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுந்த மாதிரி இருந்தது. பேசியவரை எழுந்து போகச் சொல்கிறார்களோ என்று நினைத்தேன். அவரோ குனிந்து நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த மண்டபத்துக்கு நான் போய்ச் சேர்ந்தது ஒரு டைப்ரைட்டர் புண்ணியத்தில்.

எம்.எஸ்சி. முடித்துவிட்டு வீட்டில் இருந்த வருஷம் அது. மாதம் ஒருமுறை மதுரை பல்கலைக்கழக நூலகத்துக்குப் போவேன். 'ஆங்கேவாண்டே கெமி' என்ற ஜெர்மன் வேதியியல் இதழுக்கு 1962 முதல் ஆங்கிலப் பதிப்பு உண்டு. கப்பல் தபாலில் மாதக்கணக்கில் பிந்தி வந்து சேரும். கட்டுரையின் முதல் பக்கத்து அடியில், நட்சத்திரக் குறிக்குப் பக்கத்தில், பேராசிரியரின் முகவரி பொடி எழுத்தில் இருக்கும். எல்லோரும் கட்டுரையைக் குறிப்பெடுப்பார்கள். நான் நட்சத்திரத்தைக் குறிப்பெடுத்தேன். ஒரு கோடு போட்ட நோட்டு முழுக்க முகவரிகள். அதிலும் ஒரு குழப்பம். பழைய இதழ்களில் கோட்டிங்கனுக்கு 3400 என்று நாலு இலக்கம். புதிதாக வந்ததில் அதே தெருவுக்கு 37077. இரண்டு ஜெர்மனியும் ஒன்றான பிறகு, 1993 ஜூலையில் நாடு முழுக்க அஞ்சல் எண்ணை ஐந்து இலக்கமாக மாற்றியிருந்தார்கள். எது பழசு, எது புதுசு என்று தெரியாமல் முதல் பத்துக் கடிதங்களில் இரண்டு எண்களையும் எழுதி அனுப்பினேன். தபால்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள்.

ஜங்ஷன் பக்கத்தில் மாடியில் ஒரு ஜாப் டைப்பிங் கடை. அண்ணாச்சி ஒருவர், பழைய ரெமிங்டன். ஜெர்மன் எழுத்துக்கு மேலே வைக்கும் இரட்டைப் புள்ளி அந்த மிஷினில் கிடையாது. அவர் அடித்துக் கொடுத்ததும் நான் கறுப்பு மசிப் பேனாவால் ஒவ்வோர் இடத்திலும் இரண்டு புள்ளி வைப்பேன். நாலாவது வாரத்தில் அண்ணாச்சியே கேட்டார்: "எம்மா, இந்தப் பொட்டு வைக்கதுக்குத் தனியாவா காசு வாங்குதான் ஜெர்மன்காரன்?"

முப்பத்தொரு கடிதம் போட்டேன். ஒன்பது பதில் வந்தது. ஒன்பதும் மரியாதையானவை, எட்டில் இடம் இல்லை. ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து நான் அனுப்பிய முழுக் கோப்பும் அப்படியே திரும்பி வந்தது. மார்க் ஷீட், சான்றொப்பம் வாங்கிய நகல்கள், பாஸ்போர்ட் அளவு போட்டோ. அந்தக் காலத்தில் அங்கே வேலைக்கு விண்ணப்பித்தால் போட்டோ வைப்பது வழக்கம். கிடைக்காவிட்டால் எல்லாவற்றையும் திருப்பி அனுப்புவதும் வழக்கம். இது தெரியாத அம்மா போட்டோவைப் பார்த்துவிட்டு, "பொண்ணு பிடிக்கலன்னு சொல்லிட்டானா?" என்று கேட்டாள். பெண் பார்க்க அனுப்பிய போட்டோக்கள் அதே காலத்தில் திரும்பி வந்துகொண்டிருந்தன. இரண்டு தபாலும் ஒரே தபால்காரர் கையால்தான் வந்தன.

நான் செய்த தப்பு எனக்குப் பின்னால்தான் விளங்கியது. நம் ஊரில் பிஎச்.டி. என்பது சீட். நுழைவுத்தேர்வு, கவுன்சலிங், பல்கலைக்கழகப் பதிவு, அப்புறம் கைடு. அங்கே அது தலைகீழ். முதலில் ஒரு பேராசிரியர் "சரி, வா" என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு பக்கக் கடிதம் இருந்தால் பல்கலைக்கழகம் பின்னாலேயே வரும். இல்லாவிட்டால் எத்தனை கோல்டு மெடல் இருந்தும் கதவு தெரியாது. அவரை அவர்கள் 'டாக்டர் அப்பா' என்ற பொருள்பட 'டோக்டர்ஃபாட்டர்' என்பார்கள். பெண்ணாக இருந்தால் டாக்டர் அம்மா. ஒரு அப்பாவையோ அம்மாவையோ தேடிப் பிடிக்க முப்பது பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பினால் யார் நம்புவார்கள்?

ஒன்பதாவது பதில் வேறு மாதிரி வந்தது. கோட்டிங்கனுக்கு எழுதிய கடிதத்தில் மட்டும், அவருடைய கட்டுரையில் இருந்த ஒரு படிக அமைப்பின் பிணைப்பு நீளத்தைப் பற்றி ஒரு சந்தேகம் கேட்டிருந்தேன். எண் எனக்கு இடித்தது. துணிச்சலெல்லாம் இல்லை; கடைசிக் கடிதம், அலுத்துப்போய் எழுதியது. அவர் பதிலில் நான்கே வரி. அச்சுப்பிழை என்று ஒப்புக்கொண்டு, அரை வேலை ஒன்று இருக்கிறது, அடுத்த கோடையில் தொடங்க முடியுமா என்று கேட்டிருந்தார்.

அரை வேலை. வீட்டில் இதைப் புரியவைக்கவே ஒரு வாரம் ஆனது. அம்மாவுக்குப் படிக்கப் போகிறவளுக்கு எதற்குச் சம்பளம் என்று சந்தேகம்; அப்பாவுக்கு அரைச் சம்பளம் எதற்கு என்று சந்தேகம். ஆய்வு மாணவர் அங்கே அரசுச் சம்பள விகிதத்தில் ஊழியர். அப்போது அந்த விகிதத்துக்கு பி.ஏ.டி. என்று பெயர், அதில் இரண்டு-ஏ என்ற படிநிலையில் பாதி. சம்பளம்தான் பாதியே தவிர வேலை முழுசு. இன்னும் சொன்னால் ஒன்றேகால். வரி உண்டு, மருத்துவக் காப்பீடு உண்டு, ஓய்வூதியப் பிடித்தம் உண்டு. இருபத்து மூன்று வயதில் எனக்கு பென்ஷன் பிடித்தார்கள்! கல்லூரி வாத்தியாராக இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்த அப்பாவுக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. "பென்ஷன் உண்டுன்னா போகட்டும்" என்றார்.

அங்கே போய்ச் சேர்ந்த வாரமே வரி அட்டை வாங்கப் போனேன். எதிரே இருந்த அம்மாள் மதம் என்ன என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. தேவாலய வரிக்காகக் கேட்கிறார்கள் என்று பிறகுதான் புரிந்தது. கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்டும் வருமான வரியோடு அதையும் கட்ட வேண்டும். இந்து என்றேன். அந்தக் கட்டத்தில் இரண்டு சின்னக் கோடு போட்டுக் கொடுத்தார். பிள்ளையாரும் முருகனும் சேர்ந்து இரண்டு கோடு.

கோட்டிங்கனைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நிறுத்த முடியாது. நான் வேலை பார்த்த டம்மன் தெருவில்தான் 'ஷெல்எக்ஸ்' எழுதிய ஷெல்ட்ரிக்கும் இருந்தார். படிக அமைப்பு கண்டுபிடிக்கும் அந்த மென்பொருள் இல்லாமல் உலகத்தில் எங்கேயும், காரைக்குடியிலும்கூட, கட்டுரை எழுத முடியாது. ஆனால் என்னைக் கட்டிப்போட்டது நகரத்துக் கல்லறைத் தோட்டம். ஞாயிறு மதியம் கடை கண்ணி கிடையாது, ஊரே தூங்கும். நான் அங்கே போய் உட்கார்ந்துவிடுவேன். மாக்ஸ் பிளாங்க், ஓட்டோ ஹான், டேவிட் ஹில்பெர்ட் எல்லோரும் அடுத்தடுத்துப் படுத்திருக்கிறார்கள். மாக்ஸ் போர்ன் கல்லில் குவாண்டம் இயக்கவியலின் ஒரு சமன்பாடு செதுக்கியிருக்கும்.

போர்ன் கதை எனக்கு அங்கே வைத்துத்தான் தெரிந்தது. யூதர் என்பதால் 1933இல் கோட்டிங்கனில் அவர் பதவி போயிற்று. கேம்பிரிட்ஜில் தற்காலிகமாகக் கொஞ்ச நாள். பிறகு நம் திருச்சிக்காரர் சி.வி. ராமன் அழைத்து, 1935-36இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ஆறு மாதம் இருந்தார். அவரை நிரந்தரமாக வைத்துக்கொள்ள ராமன் எவ்வளவோ முயன்றார். உள்ளே எதிர்ப்பு கிளம்பி நடக்கவில்லை. போர்ன் எடின்பரோவுக்குப் போய்விட்டார். 1954இல் நோபல் பரிசு வந்தது. வேலை தேடி முப்பத்தொரு கடிதம் எழுதியவளுக்கு, அதே வழியில் எதிர்த்திசையில் வேலை தேடி வந்த ஒருவரின் கல் முன்னால் உட்காருவது ஒரு மாதிரி இருக்கும். ஆறுதல் என்று சொல்ல மாட்டேன். பெங்களூரில் அந்த ஆறு மாதம் அவருக்குச் சாப்பாடு ஒத்துக்கொண்டதா என்றெல்லாம் யோசித்துக்கொண்டிருப்பேன்.

அடுத்த ஆய்வகத்தில் மைசூர்க்காரர் ஒருவர் ஹும்போல்ட் உதவித்தொகையில் இருந்தார். அது முனைவர் பட்டத்துக்குப் பிறகு. அவர் எங்களை விட ஒரு படி மேல் என்று எங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அதிலும் இதே கதைதான்: யாரிடம் போய் ஆய்வு செய்யப்போகிறீர்கள் என்று நீங்களே ஒரு பேராசிரியரைப் பிடித்து, அவர் சம்மதத்தோடு விண்ணப்பிக்க வேண்டும். நாட்டுக்கு இத்தனை இடம் என்ற ஒதுக்கீடு கிடையாது. வந்ததும் முதல் வேலையாக ஜெர்மன் கற்றுக்கொள்ள அவர்களே பணம் கொடுத்து அனுப்புவார்கள். மைசூர்க்காரர் சுத்தமாக ஜெர்மன் பேசுவார். நான் ஆய்வகத்துப் பையன்களிடம் கற்றதால் எனக்கு முதலில் வந்தது கெட்ட வார்த்தை.

பட்டம் வாங்கிய அன்று நடந்ததை அம்மாவிடம் பாதிதான் சொன்னேன். தேர்வறையை விட்டு வெளியே வந்ததும் கூட வேலை பார்ப்பவர்கள் அட்டையில் செய்த ஒரு தொப்பியைத் தலையில் வைப்பார்கள். என் தொப்பியில் ஒரு குட்டி ஆட்டோ, ஒரு படிக மாதிரி, நான் உடைத்த குடுவைகளின் கணக்கு. அப்புறம் கட்டை வண்டி ஒன்றில் உட்கார வைத்து ஊர் நடுவே இழுத்துக்கொண்டு போவார்கள். பழைய நகர மன்றத்துக்கு முன்னால் வாத்துக்காரப் பெண்ணின் வெண்கலச் சிலையோடு ஒரு நீரூற்று, 1901இல் வைத்தது. புது டாக்டர் மேலே ஏறி அவளுக்குப் பூ வைத்து, கன்னத்தில் முத்தம் கொடுக்க வேண்டும். தொல்லை தாங்காமல் 1926இல் முத்தத்துக்குத் தடையே போட்டார்கள். யாரும் சட்டை செய்யவில்லை. நானும் பட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினேன். வெண்கலம் ஐஸாகக் குளிர்ந்தது. ஊருக்கு எழுதிய கடிதத்தில் பூ வைத்தது வரைதான் இருந்தது. அம்மா அதைத் தெருவெல்லாம் சொல்லிவிட்டாள்: "அங்கயும் பாஸானா அம்மனுக்குப் பூ சாத்துவாங்களாம்."

அதோடு விட்டாளா? சித்தப்பா மகள் கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' என்று அச்சடித்துவிட்டார்கள். எனக்கு உயிரே இல்லை. அங்கே தேர்வில் தேறினால் மட்டும் போதாது. ஆய்வேட்டை வெளியிட்டு, நூலகத்துக்குப் பிரதிகள் கொடுத்து, சான்றிதழ் கைக்கு வந்த பிறகுதான் அந்தப் பட்டத்தைப் போட்டுக்கொள்ளலாம். முன்னாடியே போட்டால் சட்டப்படி குற்றம். டெலிபோன் பூத்திலிருந்து கத்தினேன். அம்மா நிதானமாகச் சொன்னாள்: "ஜெர்மன்காரன் என்ன வள்ளியூருக்கா வந்து பத்திரிகை பாக்கப் போறான்?"

இதெல்லாம் இப்போது ஏன் வருகிறது என்றால், அக்கா மகள் இரண்டு மாதமாக எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். பேட்டரியில் ஆராய்ச்சி செய்ய வேண்டும், அதுவும் ஜெர்மனியில்தான் என்று பிடிவாதம். ம்யூன்ஸ்டர், உல்ம், கார்ல்ஸ்ரூஹே என்று அவள் சொல்கிற ஊர்ப் பெயர்கள் எல்லாம் சரியானவைதான். ஒரு ராத்திரி, "சித்தி, நூத்திப் பன்னெண்டு பேருக்கு மெயில் போட்டேன், ஒருத்தர்கூடப் பதில் போடல" என்று மடிக்கணினியைக் கொண்டு வந்து நீட்டினாள். 'ரெஸ்பெக்டட் சார்' என்று ஆரம்பம். அந்தப் பேராசிரியர் ஒரு பெண். மூன்றாவது வரியில், முந்தின ஆளுக்கு அனுப்பியபோது எழுதிய பெயர் மாற்றப்படாமல் அப்படியே கிடந்தது.

எனக்குக் கோபம் வரவில்லை. ரெமிங்டன் சத்தம்தான் கேட்டது. அண்ணாச்சி ஒரு கடிதத்துக்குக் கால் மணி நேரம் எடுத்துக்கொள்வார். அந்தக் கால் மணி நேரத்தில் அடுத்த கடிதத்தை மாற்றி எழுத எனக்கு நேரம் இருந்தது. இவளுக்கு அது இல்லை.

இப்போது வழிகள் கூடியிருக்கின்றன, அதை மறுக்க முடியாது. ஆய்வு நிதி அமைப்பான டி.எஃப்.ஜி. 1990 முதல் நடத்தும் ஆய்வுப் பயிற்சிக் குழுக்கள், மாக்ஸ் பிளாங்க் கழகம் 2000 முதல் நடத்தும் ஆய்வுப் பள்ளிகள் என்று, பத்துப் பதினைந்து பேரைச் சேர்த்து எடுக்கிற ஏற்பாடுகள் வந்துவிட்டன. நேர்காணல் எல்லாம் திரையில்தான். ஆனால் மாக்ஸ் பிளாங்கோ ஃபிரவுன்ஹோஃபரோ பட்டம் கொடுக்க முடியாது. அதற்குப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஒருவர் வேண்டும். எங்கே சுற்றினாலும் கடைசியில் டாக்டர் அப்பாவிடம்தான் வந்து நிற்க வேண்டும்.

விளம்பரங்களை அவளோடு உட்கார்ந்து படித்தேன். "டி.வி.-எல். ஈ13, அறுபத்தஞ்சு பர்சன்ட்னு போட்டிருக்கே, மீதி முப்பத்தஞ்சு?"

"அதுவும் வேலைதான். சம்பளம்தான் கிடையாது."

பெயர்தான் மாறியிருக்கிறது. என் பாதி, பதினைந்து புள்ளி ஏறியிருக்கிறது. பதவிப் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் மூன்று எழுத்து; ஆண், பெண், மூன்றாம் பாலினம் யாரும் விண்ணப்பிக்கலாம் என்று அதற்கு அர்த்தம். பதிவேடுகளில் மூன்றாவது பாலினத்தை 2018 கடைசியில் சட்டத்தில் சேர்த்தார்கள். எங்கள் காலத்தில் பெண் என்று காட்டவே ஒரு சாய்கோடுதான் இருந்தது.

எதிர்வீட்டுப் பையன் முதுகலை படிக்க அதே நாட்டுக்குப் போகிறான். செலவுக்குப் பணம் இருக்கிறது என்று காட்ட 11,904 யூரோவை முடக்குக் கணக்கில் போட வேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து இதுதான் கணக்கு. அவன் அப்பா வீட்டுப் பத்திரத்தை பாங்கில் வைத்திருக்கிறார். வேலை ஒப்பந்தத்தோடு போகிறவளுக்கு அந்தத் தொல்லை இல்லை. அக்கா இதைக் கேட்டதும் முகம் மலர்ந்தாள். பென்ஷன் கேட்ட அப்பாவின் முகம்.

மறுபக்கத்தையும் சொல்லாமல் விடக் கூடாது என்று ஒரு நாள் காபிக்குப் பிறகு சொன்னேன். 2007இல் வந்த சட்டப்படி, பட்டத்துக்கு முன்னால் ஆறு வருஷம், பின்னால் ஆறு வருஷம், அதற்கு மேல் தற்காலிக ஒப்பந்தம் போட வழி ரொம்பக் குறைவு. பேராசிரியர் ஆனால் ஆயிற்று. இல்லாவிட்டால் நாற்பது வயதில் வீதி. இது நல்லதுக்குத்தான் என்று விளக்க அவர்களுடைய கல்வி அமைச்சகம் ஹன்னா என்ற கார்ட்டூன் பெண்ணை வைத்து ஒரு படம் எடுத்தது. 2021இல் ஆயிரக்கணக்கான ஆராய்ச்சியாளர்கள் "நான்தான் ஹன்னா" என்று தங்கள் கதைகளை எழுதினார்கள். எனக்குத் தெரிந்த பலபேர் அதில் இருந்தார்கள். போஸ்ட்டாக் இரண்டு வருஷம் பார்த்துவிட்டு நான் ஊருக்கு வந்ததைத் தோல்வி என்று சொன்னவர்களும் அதில் இருந்தார்கள்.

கேட்டுவிட்டு அவள், "சரி சித்தி, மொத ஆறு வருஷத்தப் பாப்போம்" என்றாள். இருபத்து மூன்று வயதில் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

அதற்கப்புறம் ஐந்தே பேருக்கு எழுதினாள். ஒவ்வொருவரின் கட்டுரை மூன்றைப் படித்துவிட்டு, பன்னிரண்டு வரி, ஒரு கேள்வி. என்ன கேள்வி என்று என்னிடம் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை. மூன்று வாரத்தில் ஒருவர் பதில் எழுதினார்: குழுவுக்கு முன்னால் இருபது நிமிஷம் பேச முடியுமா?

போன வியாழக்கிழமை மத்தியானம் முன்கூடத்து மேசையில் மடிக்கணினி, பின்னால் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டியிருந்தாள். கரன்ட் போனால் என்ன செய்வது என்று என் போனில் ஹாட்ஸ்பாட் வேறு. நான் அடுக்களை வாசலில், சத்தம் வராமல் நின்றேன். அம்மா, எண்பத்தொன்று ஆகிறது, உள்ளறையில் படுத்திருந்தாள். முதல் இரண்டு நிமிஷம் குரல் நடுங்கியது. அப்புறம் தன் மின்பகுபொருளைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் சரியாகிவிட்டது. திரையில் ஒரு நீள மேசை, ஏழெட்டுப் பேர், காபிக் கோப்பைகள்.

அவள் 'தேங்க் யூ' சொன்னாள். ஒரு கணம் ஒன்றும் இல்லை. பிறகு அந்தச் சின்ன ஸ்பீக்கர் வழியாக டொக் டொக் டொக்கென்று கிளம்பியது. அவள் மிரண்டுபோய் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் கையைக் காட்டி, திரையைப் பார் என்று சைகை செய்தேன்.

உள்ளேயிருந்து அம்மா கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள். "ஏட்டி, யாரோ கதவத் தட்டுதாங்க, காது கேக்கலியா?" என்று சொல்லிக்கொண்டே, நான் தடுப்பதற்குள், வாசல் தாழ்ப்பாளைத் திறக்கப் போய்விட்டாள்.